எடுத்துடு தம்பி

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். போன மாதம் கணக்கு எழுதும் செயலியைத் திறந்து, போனை என்னிடம் நீட்டினார். "பழைய பாக்கி எல்லாத்தையும் எடுத்துடு தம்பி." என் விரல் குப்பைத்தொட்டிப் படத்துக்கே போய்விட்டது. ஏதோ தோன்றி, "அழிச்சிரவாண்ணே?" என்றேன்.

"அட, அழிச்சா நான் எங்க போறது? யார் எவ்வளவு தரணும்னு அதுலதானப்பா இருக்கு. பேப்பர்ல எடுத்துக் குடு, ஆடிட்டர் கேக்குறாரு."

தமிழில் 'எடு' அப்படிப்பட்ட சொல். வெளியே எடுத்துக் கொடுப்பதும் எடு, இல்லாமல் ஆக்குவதும் எடு. இரண்டுக்கும் நடுவில் அன்று இருந்தது ஒரு கேள்வி மட்டும்தான்.

அதே வாரம் அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை வந்திருந்தது. வாடிக்கையாளரின் தரவை நீக்கும் கருவி ஒன்று. இனி அதை மனிதர்கள் இயக்கப்போவதில்லை. ஏஐ ஏஜென்ட் இயக்கும். அந்த ஏஜென்ட் படிப்பதற்கான ஆவணத்தை நான் எழுத வேண்டும். முதலில் ஒரே வரி எழுதினேன்: "கணக்கையும் அதன் பதிவுகளையும் நீக்கும்."

மனிதருக்கு அது போதும். மிச்சத்தை அவரே கொண்டுவருவார். போன தடவை வாங்கிய திட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் தொடக்கூடாது என்ற பயம், பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு "இது சரிதானே?" என்று காட்டும் பழக்கம். ஏஜென்டுக்கோ அந்தக் கருவியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் என் ஒரு வரிதான். நான் எழுதாத தயக்கம் அதனிடம் இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

ஆகவே விரித்து எழுதினேன். எது போகும், அதோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் போகும், திரும்ப வருமா, எத்தனை நாளுக்குள், யாரைக் கேட்க வேண்டும். இதுவரை சுலபம். கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன்: கேட்டும் பதில் வராவிட்டால்?

இந்தக் கரையில் வளர்ந்தவனுக்கு அது புதிய கேள்வி இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்பியது. புயலில் சிக்னல் செத்துப்போக, ஊருக்குச் சற்று முன்னால் ரயில் காத்து நின்றது, பிறகு நகர்ந்தது, அலை அதை இழுத்துக்கொண்டது என்று சொல்வார்கள். ரயிலில் இருந்தவர்களில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இருட்டில், சுற்றிலும் கடல் பொங்கும்போது, நிற்பது மட்டும் பத்திரமாகவா தெரிந்திருக்கும்? ஆனாலும் ரயில்வேயின் பால பாடம் ஒன்று உண்டு. எரியாத சிக்னலைச் சிவப்பு என்றே கொள்ள வேண்டும்.

ஏஜென்ட்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் இதே பாடம் ஒரு மூலையில் இருக்கிறது. தரவை மாற்றக்கூடிய ஒரு கருவி எதையாவது அழிக்குமா, அழிக்காதா என்று எழுதியவர் குறிப்பிடாமல் விட்டால், அழிக்கும் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மௌனம் சம்மதமாகாது.

இதையெல்லாம் எழுதிவிட்டால் என் பொறுப்பு முடிந்ததா? 2025 ஜூலையில் ரெப்ளிட் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று ஜேசன் லெம்கின் சொல்லியிருந்தும், அவருடைய நிஜத் தரவுத்தளத்தை அழித்தது. மீட்கவே முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. சொல் இருந்தது, பூட்டு இல்லை. "அதான் எழுதி வெச்சிருந்தேனே" என்பது எழுதியவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். நஷ்டப்பட்டவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எனவே ஆவணத்தை நிறுத்திவிட்டுக் கருவியையே மாற்றச் சொன்னேன். ஏஜென்ட் குறியிட மட்டும் செய்யும். நிஜமாக நீக்கும் சாவி ஒரு மனிதரிடம் இருக்கும்.

"அவர் ஒரு மாசம் பார்க்கலைன்னா?" என்றாள் கூட வேலை செய்பவள். "என் விவரத்தை அழிங்கன்னு கேட்டவங்க சும்மா காத்துக்கிட்டு இருக்கணுமா?"

நியாயம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கச் சொல்லும் உரிமையையும்தான் தருகிறது. அழிக்காமல் வைத்திருப்பதும் ஒரு தீங்குதான், அதுவும் யாரோ ஒருவருக்குத்தான். ஆகவே தயக்கத்துக்கும் கெடு வைத்தோம். இரண்டு நாள். அதற்குள் பார்க்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். எந்தக் கட்டத்திலும் கெடு தாண்டியதே அனுமதி ஆகிவிடாது.

ஏதாவது தவறினால் ஏஜென்ட் அண்ணன் கடை வாசலில் போய் நிற்கப்போவதில்லை. நான்தான் நிற்கணும். அதை நினைத்துக்கொண்டே கடைசி வரிகளை எழுதினேன்:

"'எடு' என்று கேட்டால், கொடுக்கவா அழிக்கவா என்று திரும்பக் கேள். பதில் வராவிட்டால் நீக்காதே. பதில் வரவில்லை என்பதை ஒரு மனிதரிடம் சொல்."