பாங்கு சொன்ன காது



பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து நமக்கு அழைப்பு வருகிறது. குளிப்பாட்டித் துணியில் சுற்றிய சிசுவை யாரேனும் ஏந்தி நிற்க, வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்லி, துஆ ஓதித் திரும்புகிறோம். அந்தக் காது கேட்கிறதா என்று பின்னொரு நாளாவது நாம் விசாரித்ததுண்டா? விசாரிக்கத் தவறியவர்களில் நாமும் ஒருவர். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், திருக்கோவிலூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபுக்கு ஒரு தாய் தம் ஐந்து வயது மகனை அழைத்து வந்தார். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. கழுத்தில் மூன்று தாயத்துகள். "ஹஜ்ரத், இவன் என்ன ஓதப் போறான்? மத்த பிள்ளைங்களோட உக்காந்திருந்தாப் போதும்" என்றார். நாமோ பெரிய சட்டம் பேசுவதாக எண்ணிக்கொண்டு, "இவன் மீது அல்லாஹ் எந்தக் கடமையையும் வைக்கவில்லையம்மா, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டோம். அவன் பிறந்தபோது பாங்கு சொன்னவரும் நாமேதான்.

நாம் சொன்ன சட்டமும் தவறு. பருவமடையாத சிறுவர், உறங்குபவர், புத்தி சுவாதீனமற்றவர் ஆகிய மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று ஹதீஸில் ஓதியிருக்கிறோம். அதில் செவிடர் எங்கே இருக்கிறார்? காது கேளாதவனுக்குப் புத்தி இல்லையென்று எந்தக் கிதாபும் சொல்லவில்லை. ஊமையின் விளங்கத்தக்க சைகை வாய்ச்சொல்லுக்குச் சமம் என்பது பிக்ஹின் விதி. அவனுடைய சைகையால் வியாபாரம் செல்லும், நிக்காஹ் செல்லும். சைகையால் நிக்காஹ் முடித்துவைக்கும் நாம், சைகையால் ஒளுவைக் கற்றுக்கொடுக்க மட்டும் ஏன் தயங்கினோம்?

திருக்குர்ஆனின் 80-ஆவது அத்தியாயமான 'அபஸ' எதற்காக இறங்கியது என்பதை எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம். குறைஷித் தலைவர்களுடன் பெருமானார் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்தார். அப்போது நபியவர்களின் திருமுகம் சுளித்ததை அல்லாஹ் கண்டித்துத் திருத்தினான். பார்வையற்றவருக்கு அந்தச் சுளிப்பு தெரிந்திருக்க முடியாது. ஆயினும் அது கியாமத் நாள்வரை ஓதப்படுகிறது. பின்னர் அவர் பிலால் (ரலி) அவர்களுடன் நபியவர்களின் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் அவர்களுக்குப் பகரமாகவும் பலமுறை நியமிக்கப்பட்டார். நாம் திருப்பியனுப்பிய பிள்ளையும் கற்றுக்கொள்ளத்தான் வந்தான்.

ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த சிறப்பு ஆசிரியை ஒருவர் அவனைக் கண்டுபிடித்தார். அவர் சொன்னதைக் கேட்டு நாம் கூனிக்குறுகிப் போனோம். ஊமைத்தனம் பெரும்பாலும் நாவின் நோயல்லவாம். காதில் விழாத மொழி வாயில் வராது, அவ்வளவே. மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். பிறந்த சில நாட்களிலேயே கருவியால் செவியைச் சோதிக்கலாம். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே உண்டு. நம்மிடம் வந்தபோது அவனுக்கு ஐந்து. அந்தக் கருவி அவனுக்குப் பயன்பட்டிருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் சோதித்துப் பார்க்கும் வாசலை அடைத்தவர்களில் நாமும் இருந்தோம்.

தாயத்து கட்டியவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஓதிப்பார்ப்பதை நாம் மறுக்கவுமில்லை. மருந்து தேடுமாறு ஏவியவர்களும் நபியவர்களே. புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளையை ஜின் பிடித்தது என்று சொல்லி ஊர்ஊராய் இழுத்துச் செல்வதும், கட்டிவைப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி, 28 பேர் மாண்டார்கள். அறிவில் ஏதோ கோளாறுள்ள ஒரு பெண் தமக்கு ஒரு தேவையுண்டு என்றபோது, எந்தத் தெருவில் நிற்க விரும்பினாலும் வருகிறேன் என்று கூறி, அவள் தேவை முடியும்வரை உடன் நின்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

இனிச் செய்யக்கூடியது என்ன? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையுண்டு. கல்வி ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்பு ஆசிரியரும் இயன்முறைப் பயிற்சியும் அதன் வழியே கிடைக்கும். எழுந்து வர இயலாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கவும் ஏற்பாடுண்டு. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கள்ளக்குறிச்சியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

எல்லாம் இருக்கிறது. ஆனால் கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் வேலையை விட்டு, பிள்ளையை இடுப்பில் சுமந்து, பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்களின் பாட்டைக் கேட்கவே வேண்டாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள அந்த ஏழைக்குப் பஸ் கட்டணத்தையும், செவிக் கருவிக்கான பேட்டரிச் செலவையும் ஜகாத்திலிருந்து கொடுக்க என்ன தடை? ரமளானில் சேலை வாங்கிக் குவிக்கிறோமே! நம்மூரில் பெண்ணையாற்றுக்குள் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். இறந்துபோன நண்பன் பாரியின் மகளிர் இருவருக்கும் வாழ்வு தேடி அலைந்த புலவரின் பெயர் அது. தாம் பெறாத பிள்ளைகளுக்காக அலைந்தவரை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்ன செய்வீங்க ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டார். அது இன்னும் சுடுகிறது. பையன் இப்போது பகலில் பள்ளிக்கூடம் போகிறான், மாலையில் மக்தபுக்கு வருகிறான். முன்வரிசையில், நம் உதடு தெரியும்படி உட்காருகிறான். ஒளுவை ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். தம்மைத் தொழக் கண்டவாறே தொழும்படி நபியவர்கள் சொன்னதன் பொருள் அவனைப் பார்த்த பிறகே நமக்கு முழுதாக விளங்கியது. அலிப் எழுதுகிறான், பே எழுதுகிறான். ஓசை மட்டும் இல்லை.

பாங்கு சொல்லப் போகும் வீடுகளில் இப்போதெல்லாம், செவிச் சோதனை ஆயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் எழுகிறோம். "நல்ல நாளும் அதுவுமா இப்படியா கேட்பது?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய், பிள்ளையின் பின்னால் நின்று கை தட்டியும் பார்க்கிறோம்.