சந்தேகத்தின் பலன் யாருக்கு?

குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்காவிட்டால் விடுதலை. இந்த விதிக்காக நாம் வாதாட வேண்டுமா? "நம்மள எரிச்சவங்களும் அதுலதானே வெளிய வந்தாங்க, அண்ணே?" என்று ஒரு சட்டக் கல்லூரித் தம்பி கேட்டார். நியாயமான கோபம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள்; அவர்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம்! அன்றிரவு நடந்த இன்னொரு கொலைக்குக் கூலித் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

சாட்சியத்தில் ஓட்டை இருந்தால் அது சந்தேகம். வெண்மணித் தீர்ப்பில் இருப்பது அதுவல்ல, அந்தஸ்தின் மேல் வைத்த நம்பிக்கை. இதே புத்திதான் காவல் நிலையத்தில் தலைகீழாக வேலை செய்கிறது. ஊரில் நகை காணோமென்றால் ஜீப் நேரே எங்கள் சேரிக்கு வரும். 'அவனுங்கதான் எடுத்திருப்பானுங்க.' அங்கே யாருக்கும் சந்தேகமே வராது.

போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872லேயே வெள்ளைக்காரன் சாட்சியச் சட்டத்தில் எழுதிவைத்தான். தன் போலீசை அவனே நம்பவில்லை போலும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. ஆனால் வாக்குமூலத்தால் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும். அதனால் பொருள் எப்படியாவது 'கிடைத்துவிடும்'.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பை 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தவர் அம்பேத்கர். இன்று அது 22ஆவது பிரிவு. தடுப்புக்காவலில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று சொல்வதும் அதே பிரிவுதான். 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம்.

நிற்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் முன்ஜாமீன் கிடையாது. அதை நாம் ஆதரிக்கிறோமே, முரண்பாடு இல்லையா என்பார்கள். முன்ஜாமீனை மறுப்பது 'நீ குற்றவாளி' என்று தீர்ப்பெழுதுவது ஆகாது. வெளியே இருந்தால், தன் வயலுக்குக் கூலிக்கு வருகிற சாட்சியை அவன் மிரட்டுவான். இந்த நியாயத்தை 1995இல் உச்சநீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. விசாரணையில் சாட்சி பயமில்லாமல் பேசி, அதன் பிறகும் ஓட்டை இருந்தால், மிராசுதாரும் வீட்டுக்குப் போகட்டும். ஜீப்பில் ஏற்றிய எங்கள் தெருப் பையனுக்கும் அதைத்தான் கேட்கிறேன்.