குதிரைக்கு வாத்தியார் யார்?

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மாலை. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் ஒரு கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வடநாட்டவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஏறி வந்த குதிரைக்கு முன்னால் இன்னொரு வெள்ளைக் குதிரை ஆடிக்கொண்டு வந்தது. மேளத்துக்குச் சரியாக முன்னங்காலை மடக்கித் தூக்கி வைத்தது, கழுத்தை வளைத்தது, சலங்கை குலுங்கியது. சாலையோரம் நின்ற கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

என்னோடு வந்திருந்த தம்பி மகள் மட்டும் தட்டவில்லை. அவள் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிற பெண். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் குதிரைக்கு வாத்தியார் யாரு, பெரியப்பா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவர் ஒருவர் பதில் சொன்னார். சின்ன வயசில் மயிலாப்பூரில் ஜட்கா ஓட்டியவராம்.

"வாத்தியார் அதும் வாயிலேதான் கீறாரு பாப்பா. கடிவாளத்தைப் பாரு. அது எங்கே ஆடுது? வாயை இழுத்துப் புடிச்சா முன்னாலே போவ முடியாது. கால் மேலேதானே போவணும்?"

கைதட்டிய கையை நான் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன்.

குதிரையின் நடையில் மனிதனுக்கு என்றைக்குமே ஒரு மயக்கம் உண்டு. நம் முன்னோர் அதை ஐந்து கதியாகப் பிரித்து, ஒன்றுக்கு மயூரகதி என்று மயிலின் பெயரையே வைத்தார்கள். ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரைகளில் சில, ஏறியிருப்பவன் உடம்பு குலுங்காதபடி வழுக்கிக்கொண்டு போவது போல் நடக்கும். அந்த நடைக்கு ரேவால் என்று பெயர். இது பிறவியிலேயே வருகிற வரம்.

இப்படி ஒரு வரத்தோடு அமெரிக்காவிலும் ஒரு குதிரை பிறந்தது. டென்னஸி மாநிலத்தில் தோட்டக்காரர்கள் நாள் முழுவதும் வயல்களைச் சுற்றி வருவதற்கென்று வளர்த்த ஜாதி அது. பின்னங்கால், முன்னங்கால் பதித்த தடத்தையும் தாண்டி விழும். தலை ஒவ்வோர் அடிக்கும் ஆமாம் போடும். முதுகில் இருப்பவனோ ஊஞ்சலில் இருப்பது போல் இருப்பான். 1936-ல் பிறந்த ஸ்ட்ரோலிங் ஜிம் முதலில் கலப்பைக்கும் வண்டிக்கும்தான் பூட்டப்பட்டது. அதன் நடையில் ஏதோ இருக்கிறதென்று கண்டுகொண்டவர் ஃபிளாய்ட் கரோதர்ஸ் என்ற பயிற்சியாளர். 1939-ல் அந்த ஜாதிக் குதிரைகளுக்கென்று முதல் பெரிய போட்டி நடந்தது. கரோதர்ஸ் ஏறிச் செலுத்த, நேற்று வரை ஏர் இழுத்த குதிரை முதல் மகா சாம்பியன் ஆயிற்று. 1957-ல் அது இறந்தபோது வார்ட்ரேஸ் என்ற சிற்றூரில், அது வாசம் செய்த ஹோட்டலின் பின்புறத்திலேயே புதைத்தார்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளை மேடை ஏறிய கதை மாதிரி இருக்கிறதல்லவா? கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு அந்தச் சாதாரண நடை நாளடைவில் போதவில்லை. கால் இன்னும் உயரே எழ வேண்டும் என்றது. எழுந்த குதிரைக்கு நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய குதிரைக்கு விலை ஏறியது. பிறவி வரம் அவ்வளவு தூரம் வராது. வேறு உபாயம் தேவைப்பட்டது. 1950-களில் சிலர் அதைக் கண்டுபிடித்தார்கள். குளம்புக்கு மேலே உள்ள கணுவில் கடுகு எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவித் தோலைப் புண்ணாக்குவது. அந்தப் புண்ணின் மேல் சங்கிலி மாட்டுவது. தரையில் கால் பட்டதும் சுரீர் என்கும். குதிரை காலை வெடுக்கென்று உயர்த்தும். கூட்டம் ஆரவாரிக்கும்.

இந்தக் கொடுமையைத் தடுக்க அமெரிக்க அரசு 1970-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பரிசோதகர்கள் வந்தார்கள். கணுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். குதிரை துள்ளினால் புண் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கும் ஒரு மாற்று முளைத்தது. லாயத்தில் பரிசோதகர் மாதிரியே அழுத்திப் பார்ப்பது. குதிரை துள்ளினால் அடிப்பது. துள்ளாமல் நிற்கக் கற்கும் வரை அடிப்பது. 2006-ஆம் ஆண்டுப் போட்டியில் பரிசோதனையில் தேறிய குதிரைகள் மிகவும் குறைந்துபோய், அந்த வருஷம் மகா சாம்பியன் என்று ஒன்றையும் அறிவிக்காமலே விட்டார்கள்.

புண்படுத்துவதைக்கூட ஒருவாறு புரிந்துகொள்ள முடிகிறது. மனிதனின் பேராசை பழைய விஷயம். ஆனால் வலிக்கிறது என்று காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் ஒரு பாடமா? அதைப் படித்தபோது என்னால் மேலே வாசிக்க முடியவில்லை.

அன்று எனக்குச் சமாதானம் சொன்னவர் அடையாற்றில் வாழ்ந்த ஓர் அம்மையார். ருக்மிணி தேவி அருண்டேல். 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கியவர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது மிருக வதையைத் தடுக்கத் தனி மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று நேரு சொன்ன உறுதியின் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பெண்களின் கால்களைப் பழக்கி ஆட வைத்த ஒருவர், மிருகங்களை அடித்து வேலை வாங்காதே என்று டில்லியில் வாதாடினார். இதில் முரண் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. அரைமண்டியில் நிற்கிற பெண்ணுக்கும் தொடை வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் விரும்பி வந்தவள். வேண்டாம் என்றால் சலங்கையைக் கழற்றிவிட்டுப் போகலாம். குதிரைக்கு அந்த வாசல் இல்லை. விரும்பி ஏற்ற வலி தவம். திணித்த வலி வதை. இப்படி ஒரு கோடு கிழித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

சென்ற வருஷம் அந்தக் கோடு அழிந்தது.

தம்பி மகளுக்கு மயிலாப்பூரில் அரங்கேற்றம். இரண்டரை மணி நேரம் ஆடினாள். தில்லானாவில் சபை எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான். உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் அம்மா சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வலது கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

"எப்போதிலிருந்து?" என்றேன்.

"பத்து நாளா, பெரியப்பா."

"ஏன் சொல்லலே?"

"ஹாலுக்குப் பணம் கட்டியாச்சு. பத்திரிகை கொடுத்தாச்சு. நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

அவளை யாரும் அடிக்கவில்லை. அதட்டக்கூட இல்லை. ஆனாலும் துள்ளாமல் நிற்க எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறாள். எங்கள் சந்தோஷத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். வாசல் திறந்துதான் இருந்தது. அதை அடைத்துக்கொண்டு பட்டுப் புடவையும் பூமாலையுமாக நாங்கள் நின்றோம்.

இதனால் குதிரையும் குழந்தையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அவள் கால் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. இன்றும் ஆசையாகத்தான் ஆடுகிறாள். குதிரைக்குச் செய்வது கொடுமைதான். அதைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் ஒரு விருப்பம் இருந்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்தேனே, அது தவறு. விருப்பம் என்பது ஒருநாள் கேட்டு வாங்கிக்கொண்டு பெட்டியில் பூட்டி வைக்கும் பத்திரம் அல்ல. ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டியது. "வலிக்கிறது" என்ற பதிலைத் தாங்கிக்கொள்ளக்கூடிய முகத்தோடு கேட்க வேண்டியது.

குதிரைக்கு வாத்தியார் யார் என்று அவள் கேட்டாள். கடிவாளம் என்றார் கிழவர். கடிவாளத்தைப் பிடிப்பவன் கூலிக்காரன். கால் இன்ன உயரம் எழ வேண்டும் என்று அவனுக்குச் சொல்லுகிறவர்கள் சாலையோரம் நின்று கைதட்டுகிறவர்கள். அன்று அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இப்போதெல்லாம் அவள் நாட்டிய வகுப்பு முடிந்து வந்தால், "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று நான் கேட்பதில்லை. "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறேன். "நன்றாக இருக்கிறது" என்று உடனே சொல்லிவிடுகிறாள். நான் நகராமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். சில நாள், சற்றுப் பொறுத்து, வேறு பதில் வருகிறது.