தரையில் குடம் இல்லை

பேக்கப் ஓடி முடிந்துவிட்டது. டெர்மினலில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. புது டிஸ்க்கில் ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கின்றன. பல மாதம் கழித்துப் பழைய டிஸ்க் செத்துப்போன பிறகுதான், எஸ்எஸ்ஹெச் சாவிகள் இருந்த ஃபோல்டர் அந்தப் பிரதிக்கு ஒருநாளும் வந்து சேரவில்லை என்று தெரிகிறது. சர்வர்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்குப் பழகிப்போன இந்தத் திகைப்புக்குள், இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய ஒரு கேள்வி இருக்கிறது. இருப்பதைக் கண் காட்டும். இல்லாததை எது காட்டும்?

வாதத்துக்கு அவர்கள் வழக்கமாக எடுத்துக்கொண்ட உதாரணம் வெறும் தரை. ‘இங்கே குடம் இல்லை’ என்கிறோம். அந்த அறிவு எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்துதான் என்றார்கள் நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர்கள். அவர்களுக்கு இன்மையும் காணத்தக்க ஒரு பொருள். ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டர் இதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரிவது தரை மட்டுமே. குடத்தின் இன்மையை அறிய ‘காணாமை’ என்ற தனிப் பிரமாணம், அதாவது அனுபலப்தி, வேண்டும் என்றார். அத்வைதிகள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இன்னொரு மீமாம்சகரான பிரபாகரரோ, வெறும் தரையை வெறும் தரையாக அறிவதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார். தமிழுக்கும் இந்த விவாதம் புதிதல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிக வாதி அடுக்கும் பத்து அளவைகளில், அதாவது பிரமாணங்களில், அபாவம் எனும் இன்மையும் ஒன்று.

குமாரிலர் தம் பக்கத்துக்குக் காட்டும் சான்று கூர்மையானது. ஒருவர் காலையில் ஓரிடத்துக்குப் போய் வருகிறார். பிறகு வேறோர் இடத்தில் இருக்கும்போது, ‘இன்னார் அங்கே இருந்தாரா?’ என்று யாரோ கேட்கிறார்கள். காலையில் அந்த ஆளைப் பற்றிய நினைப்பே அவருக்கு இல்லை. இப்போது அந்த இடமும் கண் முன்னால் இல்லை. ஆனாலும் இடத்தை நினைவில் கொண்டுவந்து, ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்கிறார். இந்த ‘இல்லை’யைக் கண் தந்திருக்க முடியாது. கேள்வி வந்த பிறகே அது பிறந்தது.

விடுபட்ட ஃபைல்களும் இப்படித்தான் தெரியவருகின்றன. சி.பி. கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஹோம் ஃபோல்டரை நகலெடுக்கும்போது பலரும் பாதையின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறியைப் போடுகிறார்கள். அந்தக் குறியைப் பெயர்ப் பட்டியலாக விரித்துக் கொடுப்பது ஷெல்லின் வேலை. புள்ளியில் தொடங்கும் பெயர்களை ஷெல் வழக்கமாக அதில் சேர்ப்பதில்லை. எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரும், பேஷ் அமைப்புகள் உள்ள ஃபைலும் புள்ளியில்தான் தொடங்குகின்றன. சி.பி.யிடம் அந்தப் பெயர்களே போய்ச் சேராதபோது, அது எதைப் பற்றிப் பிழை சொல்லும்? உள் ஃபோல்டர்களில் இருக்கும் புள்ளி ஃபைல்கள் ஒழுங்காக வந்துவிடும். மேல்மட்டத்தில் இருப்பவை மட்டும் விடுபடும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. நட்சத்திரத்துக்குப் பதில் ஒற்றைப் புள்ளி வைத்திருந்தால் எல்லாமே வந்திருக்கும்.

பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி இங்கே ஒரு நிபந்தனையை வைத்தார். பொருள் இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருந்தால்தான், படவில்லை என்பதைக் கொண்டு இல்லை என்று முடிவு கட்டலாம். பிசாசு தெரியவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் அது தெரியாதே! பேக்கப் எடுக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டிய நிபந்தனை இது. ‘பிழை எதுவும் வரவில்லை’ என்பதில் பொருள் இருக்க வேண்டுமானால், பிழை நேர்ந்திருந்தால் செய்தி நிச்சயம் வந்திருக்கும் என்ற உறுதி முதலில் வேண்டும்.

அந்த உறுதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று கண்டது. தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டர் அழிக்கப்பட்டது. சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. நாள்தோறும் அமேசான் எஸ்3க்குப் போய்க்கொண்டிருப்பதாக நம்பிய பேக்கப்பைத் தேடினால், அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாமல் கருவி பிழையோடு நின்றுபோயிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் கிளம்பத்தான் செய்தன. ஆனால் டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பில் தேறாததால், பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. காலியாக இருந்த இன்பாக்ஸை ‘எல்லாம் நலம்’ என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில், வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்து மாற்றங்கள் போனது போனதுதான். 

அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் இன்மையை நான்காகப் பிரிக்கிறது. சிவஞான முனிவர் அதைத் தமிழில் தந்திருக்கிறார். பேக்கப்பில் ஒரு ஃபைல் இல்லை என்றால், எந்த வகை இன்மை என்று கேட்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பேக்கப் பட்டியலை எழுதிய பிறகு உருவான ஃபோல்டர் பிரதிக்குள் வந்ததே இல்லை, அது பிராகபாவம். வந்திருந்து, டெலீட் விருப்பத்தோடு ஓடிய ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியால் அழிந்தது என்றால் பிரத்வம்சாபாவம். பழைய பிரதிகளில் தேடினால் கிடைக்கலாம். எஃப்ஏடி32 டிஸ்க்கில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் எக்காலத்திலும் இருக்க முடியாது, அது அத்யந்தாபாவம்.

நான்காவது வகைதான் வஞ்சகமானது. இது அதுவல்ல என்ற இன்மை, அன்னியோன்னியாபாவம். ஆர்சிங்க் சாதாரணமாக ஒரு ஃபைலின் அளவையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போனால் உள்ளே பார்க்காமல் தாண்டிப் போய்விடும். வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளின் பெட்டக ஃபைலுக்கு அளவு பொதுவாக மாறாது. உள்ளே எழுதினாலும் மாற்றிய நேரத்தைப் பழையபடியே வைத்திருப்பது அந்த மென்பொருளின் இயல்பான அமைப்பு. ஆகவே தினமும் புது ஆவணங்கள் சேரும் பெட்டகத்தை ஆர்சிங்க் தினமும் தாண்டிப் போகும். பிரதியில் அதே பெயர், அதே அளவு, அதே நேரம் இருக்கும். உள்ளே இருப்பது பழைய சரக்கு. மைனஸ் சி விருப்பத்தைக் கொடுத்தால்தான் ஆர்சிங்க் உள்ளடக்கத்தைப் படித்து ஒப்பிடும். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் உண்மை தெரியும்.

மைனஸ் எக்ஸ் கொடுத்தால் இன்னொரு காட்சி. ஆர்சிங்க் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நின்றுகொள்ளும். வேறு டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும் இடத்தில் காலி ஃபோல்டரை மட்டும் பிரதியில் உருவாக்கும். பிரபாகரர் சொன்ன வெறும் தரை இது. ஆனால் இந்தத் தரையை மட்டும் பார்ப்பவருக்கு, மூலத்திலும் ஃபோல்டர் காலியா, இல்லை டிஸ்க் விடுபட்டதா என்று தெரியாது. இந்த இடத்தில் குமாரிலரின் பக்கமே வலுவானது. எதிரே வைத்துப் பார்க்க ஒரு நினைவு வேண்டும். பேக்கப் எடுக்கும் அன்றே ஃபைண்ட் கட்டளையால் மூலத்தின் பெயர்ப் பட்டியலை எடுத்து, பிரதியின் பட்டியலோடு டிஃப் போட்டுப் பார்ப்பது அந்த நினைவை எழுத்தில் வைப்பதுதான்.

விலக்குப் பட்டியலால் விடுபடும் ஃபைல்களை அறிய இன்னொரு வழியும் உண்டு. அவற்றை ஆர்சிங்க் பிழையாகவே கருதாது. எக்ஸிட் கோடு பூஜ்ஜியமாகத்தான் வரும். ஆனால் மைனஸ் வி-யை இருமுறை கொடுத்து ஓட்டினால், எந்த ஃபைலை எந்த விதியால் மறைத்தது என்று ஒவ்வொரு வரியாகத் தானே சொல்லிவிடும். அங்கே இன்மையை அறியக் காணாமையை நம்ப வேண்டியதில்லை. விலக்கியவரின் வாய்மொழியே கிடைக்கிறது. குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர்கள் அதைச் சப்தப் பிரமாணத்தில் சேர்ப்பார்கள்.