ஏழு மணிக்கு ஊதும் சங்கு

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். 2022இல் அந்த ஊர்க் கோயிலிலிருந்து மாலை ஏழு மணிக்குச் சைரன் சங்கு ஊதத் தொடங்கியது. ஊதியதும் செல்போனையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட வேண்டும். எட்டரை மணிவரை பிள்ளைகள் படிக்க வேண்டும், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். கொரோனா கால ஆன்லைன் வகுப்புக்காகக் கொடுத்த போன், பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் கையைவிட்டு இறங்கவில்லை. அந்தக் கவலையில் பிறந்த ஏற்பாடு இது. பெண்கள் கூடிய கிராம சபையில் முடிவானது. ஆஷா பணியாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் வீடுவீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள்.

இதைப் படித்ததிலிருந்து எனக்குள் ஓர் எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. போனை விடுவது ஒற்றை ஆளின் மனஉறுதியால் ஆகிற காரியமில்லை. பால்காரருக்குப் பணம் அனுப்புவது, சிலிண்டர் பதிவது, வங்கியின் ஓடிபி, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. குடியை விட நினைப்பவர் கடைப்பக்கம் போகாமல் இருந்துவிடலாம். போனில் அந்த வழி இல்லை. வேலைக்காக எடுத்தாலும் மற்றதும் சேர்ந்தே கைக்கு வருகிறது.

அந்த மற்றது தானாக அமைந்ததுமில்லை. எப்போது தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் 1950களிலேயே காட்டிவிட்டன. அடுத்து என்ன வரும் என்று தெரியாததால்தான் நாமும் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை ஏசா ரஸ்கின் 2006இல் வடிவமைத்தார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார். போதும் என்று சொல்ல ஓர் இடம் வேண்டாமா மனிதருக்கு? அந்த இடத்தையே எடுத்துவிட்டு, கட்டுப்பாடு இல்லை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

குனிந்தே இருப்பதால் கழுத்து வலிக்கும், இமைக்க மறப்பதால் கண் உலரும். இவை நமக்கே தெரிகின்றன, தைலமும் சொட்டு மருந்தும் வாங்குகிறோம். எனக்குப் பெரிய கவலை தூக்கம்தான். 2014இன் இறுதியில் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில், 12 பேரைப் படுக்கப்போகும் முன் சில நாள் ஒளிரும் திரையிலும் சில நாள் அச்சுப் புத்தகத்திலும் படிக்கவைத்துப் பார்த்தார்கள். திரையில் படித்த நாட்களில் தூக்கத்துக்குக் கூப்பிடும் மெலடோனின் குறைந்தது. உடலின் உள்கடிகாரமே ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. மறுநாள் காலையிலும் தெளிவு வர நேரமானது. அவர்கள் வாசித்ததோ வெறும் புத்தகம். நம் திரையில் சண்டை, மரணச் செய்தி, அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், அலுவலகத்தின் குறுஞ்செய்தி எல்லாம் ஐந்தே நிமிடத்தில் வந்துபோகின்றன. நள்ளிரவுவரை ரீல்ஸ் பார்த்த பிள்ளை காலையில் எழ மறுத்தால் சோம்பேறி என்கிறோம். அந்த உடம்புக்கு அப்போதும் இரவு முடியவில்லை.

பெண்களை நினைத்தால் எனக்குப் பேச்சு தடுமாறுகிறது. பகல் முழுக்க மற்றவர்களுக்காக ஓடியவளுக்கு, எல்லோரும் படுத்த பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். அப்போதும் போனை எடுக்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சரியான அறிவுரைதான். ஆனால் அடுப்பில் குழம்பு கொதிக்க, இடுப்பில் பிள்ளை அழ, உதவிக்கு ஓர் ஆளில்லாமல் நிற்கும் தாய்தான் யூடியூபை ஓடவிட்டுச் சோறு ஊட்டுகிறாள். அவளுக்குப் பகலிலேயே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தித் தர வேண்டியது வீட்டிலுள்ள மற்றவர்களின் வேலை. வட்காவில் பெண்கள் முடிவெடுத்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான்.

சிலருக்கு இந்த ஏற்பாடுகள் போதாது. படிப்பும் வேலையும் குலையும் அளவுக்குப் போனால் சிகிச்சைதான் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014இல் ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எல்லாருடைய போனும் கூடத்து அலமாரிக்குப் போய்விடுகிறது. எழுப்புவதற்கு ஓர் அலாரக் கடிகாரம் வாங்கியிருக்கிறோம். ஊரில் தனியாக இருக்கும் அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதால் மணிச் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்திருக்கிறோம். ஆனாலும் எட்டு மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் வீட்டுப்பாடம் வந்தால் அலமாரியைத் திறந்துதான் ஆக வேண்டியிருக்கிறது. எட்டுக்குப் பிறகு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுதிக் கேட்கப்போகிறோம். பக்கத்து வீட்டாரும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள்.