நீர்க்குடங்களும் நெடுவழியும்



சென்ற பங்குனித் திங்களில் களியக்காவிளையைக் கடந்து, பாறசாலைக்கு அணித்தான ஒரு சிற்றூரில் ஓரிரவு தங்கினோம். எல்லையைக் கடந்துவிட்டோம் என்பதைக் கடைப் பலகைகளின் எழுத்து மாறியது கொண்டே அறிந்தோம். மனிதரிடத்தும் மரச்சீனித் தோட்டங்களிடத்தும் யாதொரு மாறுதலும் தென்படவில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நாட்டைப் பிரித்ததேயன்றிக் குடும்பங்களைப் பிரிக்கவில்லை. பிறந்த வீடு விளவங்கோட்டிலும் புகுந்த வீடு பாறசாலையிலுமாக வாழ்வோர் இன்றும் அங்குப் பலர்.

அவ்வூரில் இருபது வீட்டார் தம்மத்தில் நாட்டங் கொண்டு, ஞாயிறுதோறும் கூடிப் பஞ்சசீலம் ஓதி வருகின்றனர். ஆயினும் முறைப்படி தீட்சை பெற்றோர் மிகச் சிலரே. அவர்களை ஒன்றுகூட்டி நடத்திவரும் இளைஞர், வரும் வைகாசிப் பௌர்ணமியன்று இருபது வீட்டாரும் ஒரே நாளில் ஊரறியத் தீட்சை பெற்றுவிட வேண்டும் என்று அன்றிரவு வற்புறுத்தினார். இருவர் மூவராகப் போனால் எவர் கண்ணிலும் படாது. ஒருங்கே போனால் வட்டாரமே திரும்பிப் பார்க்கும் என்பது அவர் கருத்து. முந்திரி ஆலையில் உழைத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். இளையோரை இப்பக்கத்தார் அன்பொழுக விளிக்கும் சொல்லாலேயே விளித்து, “மக்களே, பௌர்ணமி வருடந்தோறும் வரும். என் பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறது. கல்லூரியில் சேரச் சாதிச் சான்று வேண்டும். அவள் தாத்தாவின் தாள்களெல்லாம் எல்லைக்கு அப்பால் கிடக்கின்றன. சான்று கைக்கு வருமுன்னே மதத்தை மாற்றி எழுதிவிட்டு, நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?” என்றார்.

கூட்டத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் எல்லாரும் நம்மை நோக்கினர். அன்று நாம் கூறியதை, பிறவூர்களிலும் இக்கேள்வி எழுவதால், இங்கு விரித்து எழுதுகின்றோம்.

ஜாதகக் கதைகளுள் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது அபண்ணக ஜாதகம். காசியில் வணிகத் தலைவர் இருவர், ஆளுக்கு ஐந்நூறு வண்டிகளுடன் ஒரே பாலைவழியே செல்ல எண்ணினர். முதலிற் சென்றவன் பெருங் குடங்களில் நீர் நிரப்பிக் கொண்டே புறப்பட்டான். நடுப்பாலையில் ஓர் யட்சன் நனைந்த ஆடையும் தாமரை மலருமாக எதிர்ப்பட்டு, அப்பால் நல்ல மழை, ஏரி குளமெல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன, இந்தச் சுமையை எதற்காக இழுக்கின்றீர் என்றான். தலைவன் நம்பினான். குடங்களை உடைத்தார்கள். வண்டிகள் இலேசாயின; மாடுகள் விரைந்து நடந்தன. அன்றிரவே நீரின்றிச் சோர்ந்து வீழ்ந்து, எல்லாரும் யட்சர்களுக்கு இரையாயினர். பின்னே வந்தவனிடத்தும் அதே யட்சன் அதே சொற்களைச் சொன்னான். கூட்டத்தாரும் நீரைக் கொட்டிவிடலாம் என்று தலைவனை நெருக்கினர். அவனோ அவர்களையே வினவினான்: மழைக்காற்று உங்களில் எவர் மேனியிலேனும் பட்டதா? முகில் தென்பட்டதா? மின்னலைக் கண்டவர் யார்? இடியைக் கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை. நீரைத் தொடக் கூடாதென்றான். தன் கூட்டத்தார் அனைவரையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தான்.

இக்கதையைச் சொல்வோர் பலர் முதல்வனை மூடனென்று தள்ளிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். நாம் ஒன்றை நோக்க வேண்டும். அறிவுடையவன் பாலையைத் தவிர்த்தானில்லை; அதே வழியில், அதே வெயிலில், அதே யட்சனுக்கு எதிரேதான் சென்றான். துணிவு இருவருக்கும் பொது. ஒருவன் இன்று வண்டி விரைவதைக் கண்டு மகிழ்ந்தான்; மற்றவன் வழி முடியுமட்டும் எத்தனை மிடறு நீர் வேண்டும் என்று எண்ணினான். அவ்வளவே வேற்றுமை. அவனும் முதல்நாளே சுமையைக் குறைத்திருந்தால், கூட்டத்தார் அவனை வாழ்த்தியே இருப்பர்.

இதற்குச் சான்று தேட நாம் காசிக்குப் போக வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரைச் சீமையிலேயே, வெங்ஙானூரில், 1863-இல் புலையர் குலத்திற் பிறந்தவர் அய்யன்காளி. அவர் பௌத்தரல்லர், அவரைப் பௌத்தராக்கிக் காட்டுவதும் நம் நோக்கமன்று. புலையர் நடக்கவும் கூடாதென்றிருந்த பொதுச் சாலையில், 1893-இல் வில்வண்டி ஒன்றை வாங்கித் தலைப்பாகையுடன் அமர்ந்து ஓட்டிச் சென்றார். மறித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. அங்கு அவர் பணயம் வைத்தது தம் உடலை. அதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் வேறு வகையான காரியம். ஒடுக்கப்பட்ட குழந்தைகளைப் பள்ளியிற் சேர்க்கத் திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டும், ஊர்களில் அது தாளளவிலேயே நின்றது. 1907-இல் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, தாம் எழுத்தறியாதவராயினும், தம் குழந்தைகள் எழுத்தறிந்தே தீர வேண்டுமென உறுதி பூண்டார். குழந்தைகளைப் பள்ளியிற் சேர்க்காவிடில் வயல்களில் புல்தான் முளைக்கும் என்று நிலவுடையோருக்குச் சொல்லி, உழவுத் தொழிலாளரை வேலையினின்று நிறுத்தினார். இப்போது பணயம் அவர் உடலன்று, நூற்றுக்கணக்கான அடுப்புகள். அன்றாடக் கூலியே அன்றாடக் கஞ்சியாக இருந்த மக்கள், ஒரு திங்கள் வேலை நின்றால் எவ்வாறு உயிர்வாழ்வர்? நிலவுடையோரும் அதையே எதிர்பார்த்துக் காத்திருந்தனர்.

அய்யன்காளி விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்று மீனவரோடு பேசினார் என்றும், வேலை நிறுத்தியோரைத் தத்தம் வள்ளங்களில் கூட்டிக்கொண்டு பங்கு தர அவர்கள் இசைந்தனர் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். வயலிலே பிறந்து வளர்ந்தவர்கள் கடலில் வலை இழுத்தனர். நமக்கு அவர்தம் வாழ்வில் வில்வண்டியினும் இவ்வள்ளமே பெரிதாகத் தோன்றுகிறது. வில்வண்டியைச் சிலையாக்குவது எளிது. கடற்கரையில் நின்று, தம் மக்களுக்கு இரண்டு வேளைக் கஞ்சிக்காகப் பிற மக்களிடம் பேசிய அந்த மாலைப் பொழுதை எவர் சிலையாக்குவார்? வயல்கள் தரிசாகக் கிடந்தன. இறுதியில் நிலவுடையோர் இறங்கி வந்தனர்.

அதன்பிறகும் வழி நேராக அமைந்துவிடவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளிக்கே தீ வைத்தனர். கலகம் ஊர் ஊராகப் பரவியது. இரு பக்கத்தாரும் அடித்துக்கொண்டனர். இதனை நாம் மறைக்கவில்லை; அடிதடியைப் பின்பற்றத் தக்கதென்று காட்டவும் இல்லை. ஆனால் கலகத்தின் சூட்டில் அவர் பள்ளியை மறந்தாரில்லை. 1911-இன் இறுதியில் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டபின், அங்கும் பல்லாண்டு நிலத்திற்கும் படிப்புக்குமே வாதாடினார். 1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, சாகுமுன் தம்மவருள் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே அவர் வெளியிட்ட ஆசை. 1941-இல் மறைந்தார். அன்று எரிந்த பள்ளிக்கு 2022-இல் கேரள அரசு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது.

இனி, நம் எல்லார்க்கும் நெருங்கிய செய்திக்கு வருவோம். இந்துவாகப் பிறந்தேன், இந்துவாக இறக்க மாட்டேன் என்று அண்ணல் அம்பேத்கர் இயவலையில் அறிவித்தது 1935 அக்டோபரில். நாகபுரியில் தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14-இல். இடையில் இருபத்தோர் ஆண்டுகள். அண்ணல் சொன்னதைச் செய்யவில்லையே என்று நகைத்தவர் உண்டு. பொறுமை இழந்த அன்பரும் உண்டு. அவ்வாண்டுகளில் அவர் வாளா இருந்தாரல்லர். 1945-இல் மக்கள் கல்விக் கழகம் தோன்றியது. 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. அரசியலமைப்பில் தீண்டாமை ஒழிப்பு எழுதப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு குடம்.

ஆயினும் ஒரு குடம் நிரம்பவில்லை என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியாருக்குரிய உரிமைகள் பௌத்தம் தழுவியோருக்கும் உண்டென்று சட்டம் திருத்தப்பட்டது 1990-இல்தான். நாகபுரியில் அவரைப் பின்தொடர்ந்தோர் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்நீரின்றி நடந்தனர். அண்ணல் இதை அறியாதவரல்லர். மறுநாள் ஆற்றிய நீண்ட உரையிலேயே அதைத் தொட்டுப் பேசினார். அங்ஙனமாயின் அவர் இன்னும் காத்திருந்திருக்க வேண்டுமா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. அவர் உடல் நோயால் நைந்திருந்தது. தீட்சைக்குப்பின் எட்டு வாரம் நிறையுமுன், டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார். இன்னும் ஒரு பௌர்ணமி, இன்னும் ஒரு சட்டம் என்று தள்ளியிருப்பாராயின், அழைத்துச் செல்லத் தலைவரே இருந்திருக்க மாட்டார். குடத்தை உடைப்பவனும் நீரை இழக்கிறான். நிழலில் நின்றுகொண்டே குடத்தைக் காப்பவனிடத்தும் நீர் வற்றத்தான் செய்கிறது. எந்த நாளில் புறப்படுவது என்பதை எந்தச் சூத்திரமும் நமக்குச் சொல்லித் தாராது. தலைவன் தன்னுடன் வருவோரின் முகங்களைப் பார்த்தே அறிய வேண்டும்.

பாறசாலைப் பக்கத்து இளைஞரிடம் இவற்றைக் கூறிய பின்னர், ஒன்று கேட்டோம்: தம்பி, இருபது வீட்டில் எத்தனை வீட்டுக்குக் குடும்பத் தாள்கள் சரியாக உள்ளன? அவரால் சொல்ல இயலவில்லை. சட்டம் கூறுவது வேறு, மேசைமேல் தாள் நகர்வது வேறு என்பதை நாமெல்லாரும் பட்டறிந்திருக்கின்றோம். அன்றியும் பட்டியல் சாதிகளின் அட்டவணை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லைக்கு அப்பாலிருந்து பெயர்ந்து வந்த குடும்பம், பாட்டனார் எங்கு வாழ்ந்தார் என்பதற்கே சான்று காட்ட வேண்டியதாகிறது. அம்மூதாட்டியின் அச்சம் கோழைத்தனமன்று. பாலையின் நீளத்தை அவர் அளந்து வைத்திருந்தார். இளைஞரின் துடிப்பும் பிழையன்று. அவர் இல்லையேல் அவ்வூரில் வண்டியே பூட்டப்பட்டிராது.

விளக்கைச் சுற்றி அமர்ந்து நள்ளிரவு வரை வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். ஒன்பது வீடுகளில் படிக்கும் பிள்ளைகளோ சிக்கலான தாள்களோ இல்லை. அவர்கள் வைகாசியில் தீட்சை பெறத் தடையில்லை என்றனர். ஏழு வீடுகளில் சான்று கைக்கு வர வேண்டியிருந்தது. நான்கு வீட்டார் இன்னும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றனர். அவர்களை நாம் வற்புறுத்தவில்லை, இளைஞரையும் வற்புறுத்த விடவில்லை. ஒருவர் மட்டும், ஒன்பது வீடு போனால் எவர் திரும்பிப் பார்ப்பார் என்று முணுமுணுத்தார். அதற்கு விடையாக அம்மூதாட்டி நம்மை முந்திக்கொண்டு, “பார்க்கிறவர் பார்க்கட்டும், வருகிறவர் பிழைத்து வரட்டும்” என்றார்.

அந்த ஏழு வீட்டுத் தாள்களுக்காக விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அலையும் பொறுப்பை யார் ஏற்பது என்னும் கேள்வி எழுந்தது. கூலி நாள் கெடும், பேருந்துக் காசு போகும், பல முறை வெறுங்கையோடு திரும்ப நேரும். இளைஞர் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, மூதாட்டியின் பக்கம் திரும்பி, “அம்மச்சி, தாத்தா பேரைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, முதல் வரியில் எழுதிக்கொண்டார்.