மண்வெட்டியை யார் பிடுங்குவது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வடிகால் வரைபடம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கிட்டதற்கு மேல் மழை பெய்தால் தண்ணீர் எங்கே வழியும் என்று கேட்டேன். "நம்ம எல்லைக்கு வெளியே போயிடும் தம்பி, அது போதும்" என்றார் மூத்த பொறியாளர். கணக்கு சரிதான். ஆனால் வரைபடத்தில் வெள்ளையாக விட்டிருந்த அந்த 'வெளியே'யில் ஆட்கள் குடியிருந்தார்கள்.

நம்மைக் காப்பாற்றும் கரை இன்னொருவரை நனைக்கலாமா? இந்தக் கேள்வியோடு அதிக காலம் வாழ்ந்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அவர்களுடைய நிலவியலில் மூன்று சொற்கள் முக்கியம்: டெர்ப், டைக், போல்டர்.

டெர்ப் என்பது செயற்கை மண்மேடு. கரை கட்டுவதற்கு முந்தைய காலத்தில் வடகடல் ஓரத்து மக்கள் மேடு குவித்து அதன்மேல் வீடு கட்டினார்கள். முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எழுதியிருக்கிறார். டைக் என்பது கரை. கரையால் வளைத்து, உள்ளே இருக்கும் நீரை இறைத்து எடுத்த நிலம் போல்டர். முதலில் காற்றாலை இறைத்தது, இப்போது பம்பு. இதில் ஒரு சிக்கல் உண்டு. அங்குள்ள கரிம மண் காயக் காயச் சுருங்கித் தாழும். தாழ்ந்தால் இன்னும் இறைக்க வேண்டும், இறைத்தால் இன்னும் தாழும். இன்று நாட்டின் கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

போல்டரில் யாரும் தனியாள் இல்லை. என் பங்குக் கரை உடைந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் மூழ்குவார். அதனால்தான் 13ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் உருவாகிவிட்டன. பழைய வழக்கம் ஒன்றும் இருந்தது. தன் பங்குக் கரையைப் பராமரிக்க முடியாதவர் அதில் மண்வெட்டியைக் குத்திவிட்டு வெளியேற வேண்டும். அதைப் பிடுங்குகிறவருக்கு நிலமும் சேரும், கடமையும் சேரும். படித்தபோது அழகான நீதியாகத்தான் தெரிந்தது. பிறகு, குத்திவிட்டுப் போனவர் எங்கே போனார் என்று யோசித்தேன். அவரும் 'வெளியே'தான்.

1953 பிப்ரவரியில் கடல் உடைத்துக்கொண்டு வந்து 1,836 பேர் இறந்தார்கள். கரைகளை உயர்த்தினார்கள். 1995இல் ஆறுகள் பெருகி சுமார் 2,50,000 பேரை இடம்பெயர்த்த பிறகு, உயர்த்திக்கொண்டே போவது தீர்வில்லை என்று புரிந்தது. உயர்ந்த கரை உடைந்தால் சேதமும் பெரிது. ஆகவே 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டம் வந்தது. ஓவர்டீப்ஸ போல்டரில் கரையைத் தாழ்த்தி, பெருவெள்ளத்தை வயலுக்குள் விட முடிவானது. மேல்பக்கத்து நகரங்களைக் காப்பாற்றத்தான். அங்கிருந்த விவசாயிகளே மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள்: மேடு கட்டி மேலே குடியிருக்கிறோம், கீழே நனையட்டும். இப்போது அங்கே எட்டு மேடுகள். டெர்ப் திரும்பி வந்துவிட்டது. ஆனால் சுமார் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

பலருக்காகச் சிலர் நனையலாம் என்பது அந்த மூத்த பொறியாளரின் கணக்கேதான். ஒரே வித்தியாசம், இங்கே நனையப்போகிறவர்கள் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அது சின்ன வித்தியாசமில்லை. ஆனாலும் மனசு முழுதாக ஒப்பவில்லை. தண்ணீர் வருவது உறுதி, எப்படி வரட்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள் என்றால், அதற்குப் பெயர் சம்மதமா?

இது தூரத்துக் கதையும் இல்லை. மணலை மிச்சப்படுத்த, 2016இல் சிங்கப்பூர் தெக்கோங் தீவில் போல்டர் கட்டுவதாக அறிவித்தது. 10 கிலோமீட்டர் கரை, 810 ஹெக்டேர். பொறியாளனாக எனக்கு அது பிடித்த வேலை. ஆனால் போல்டரைக் கட்டி முடித்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது. இன்னும் பிறக்காத யாரோ ஒருவர் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் அவரிடம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டோம் என்பதையாவது எழுதி வைக்கலாம்.

இப்போதெல்லாம் வரைபடத்தில் அந்த வெள்ளை இடத்தில் வீடுகளையும் வரைகிறேன். கணக்கு மாறுவதில்லை. கையெழுத்துப் போடத்தான் கொஞ்சம் நேரமாகிறது.